விடியலை அறிவித்த விழியற்றவர்

மதீனாவின் பள்ளிவாசலில் வைகறை வேளையில் பாங்கு சொல்லும் பொறுப்பை அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு தோழர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒருவர் பிலால் (ரலி) அவர்கள். மற்றவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். பிலால் அவர்களின் பாங்கு இரவு முடிவதற்கு முன்பே ஒலிக்கும். உறங்குவோர் அதைக் கேட்டு எழுவர். நோன்பு நோற்க எண்ணியோர் தொடர்ந்து உண்டு கொண்டிருக்கலாம். இப்னு உம்மி மக்தூம் அவர்களின் பாங்கு எழுந்து விட்டாலோ விடிந்துவிட்டது என்று பொருள். உண்ணும் கை அத்துடன் நின்றுவிட வேண்டும்.

அந்த இப்னு உம்மி மக்தூம் அவர்கள் கண் பார்வை இல்லாதவர்.

இளமை முதல் பல முறை கேட்டுப் பழகிவிட்டதால் இச்செய்தியிலுள்ள வியப்பு நமக்குத் தட்டுப்படுவதில்லை. விடியல் என்பது கண்ணால் கண்டறிய வேண்டிய ஒன்று. கீழ்வானில் படரும் வெளிச்சத்தைக் கூர்ந்து நோக்கிச் சொல்ல வேண்டிய ஒன்று. பார்வையுடைய தோழர்கள் பலர் வாழ்ந்த ஊரில், அதை அறிவிக்கும் பொறுப்பு பார்வையற்ற ஒருவரிடம் இருந்தது. அவர் அதை எவ்வாறு நிறைவேற்றினார் என்பதையும் ஹதீஸ் நூல்கள் சொல்லாமல் விடவில்லை. விடிந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள். அதன் பிறகே அவர் பாங்கு சொல்வார்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். விடியலைக் கண்டவர்கள், அதை அவரிடம் சொல்ல வந்தவர்கள், தாமே பாங்கும் சொல்லியிருக்கலாம் அல்லவா? வேலை எளிதாக முடிந்திருக்குமே! அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவரிடம் இல்லாத ஒன்றை மட்டும், அதாவது விடிந்தது என்ற செய்தியை மட்டும், கொண்டு வந்து கொடுத்தார்கள். பாங்கு அவருடையதாகவே இருந்தது.

ஒருவருக்கு உதவுகிறோம் என்று சொல்லி நாம் செய்யும் செயல்களில் எது அவரை உயர்த்துகிறது, எது அவர் கையிலிருந்ததையும் பறித்துக் கொள்கிறது என்பது பழைய அறநெறி வினா. அதை இக்காலத்து நிலை ஒன்றை வைத்து ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கண் தெரியாதவர்கள் கணிப்பொறியில் அமர்ந்து, இணையப் பக்கங்களைத் தம் கைப்பட எழுதக் கற்றுக் கொள்கிறார்களே, அந்தக் கல்வியே நாம் எடுத்துக் கொள்ளும் நிலை.

ஓர் இளைஞனும் ஒரு சொல்லும்

கோவை உக்கடத்தில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். பெரியகுளத்துக் காற்று எட்டும் தெரு. பேருந்து நிலையத்தின் இரைச்சலும் பள்ளிவாசல்களின் பாங்கொலியும் மாறி மாறிக் கேட்கும் வீடு. அங்கே பார்வையற்ற ஓர் இளைஞன். இவனுக்குப் பெயர் வேண்டாம். நம் ஊர்களில் காணும் பலருடைய சாயலில் நாம் வரைந்து கொள்ளும் ஒருவன் இவன்.

இவன் தெருவைக் காதால் அறிந்தவன். எந்தத் திருப்பத்தில் தேநீர்க்கடை, எந்த இடத்தில் பேருந்துகள் வேகத்தைக் குறைக்கும், எங்கே சாலையைக் கடக்க ஆள் வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆத்துப்பாலத்தை நோக்கிச் செல்லும் மேம்பாலம் 2024 ஆகஸ்ட் திங்களில் திறக்கப்பட்டபோது அப்பாடத்தின் பெரும் பகுதியை அவன் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்திருக்கும். படித்துக் கொண்டிருப்பான். மாறும் உலகத்தை மீண்டும் மீண்டும் கற்றுக் கொள்வது அவனைப் போன்றோருக்குப் புதிதன்று.

வீட்டில் அவனுக்கு அன்பு குறைவில்லை. அந்த அன்பு ஒரே ஒரு சொல்லாக நாள்தோறும் அவன் காதில் விழுகிறது. "நீ உக்காருப்பா, நாங்க பாத்துக்கறோம்." தண்ணீர் எடுக்கப் போனால் அத்தா சொல்வார், கடைக்குப் போகக் கிளம்பினால் அம்மா சொல்வார், திருமண வீட்டில் பந்தியில் பரிமாற நின்றால் மாமா சொல்வார். சொல்பவர் எவருக்கும் உள்ளத்தில் கல்மிஷம் இல்லை. ஆனால் இருபது ஆண்டுகள் இதையே கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, உட்கார்ந்திருப்பது ஒன்றே தன்னிடம் உலகம் எதிர்பார்ப்பது என்ற எண்ணம் வந்துவிடாதா?

இவன் ஒருநாள், இணையப் பக்கங்களை உருவாக்கக் கற்கப் போவதாகச் சொல்கிறான். வீட்டார் திகைக்கிறார்கள். பார்ப்பதற்காகவே உள்ள ஒன்றைப் பார்க்காதவன் எப்படிச் செய்வான்? செய்தாலும் அவனுக்கு அதில் என்ன பயன்?

பக்கத்தின் எலும்புக்கூடு

திகைப்பு நியாயமானதே. ஆனால் அது இணையப் பக்கம் என்பது என்ன என்று அறியாததால் வரும் திகைப்பு.

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் 1989-இல் இந்த வலையமைப்புக்கான திட்டத்தை எழுதினார். அவர் வகுத்த முறையில் ஒரு பக்கத்தின் அடிப்படை படமும் அன்று, வண்ணமும் அன்று; எழுத்து. எழுத்துக்கு இடையே சில குறிகள். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது வேறொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு என்று ஒவ்வொரு பகுதியும் என்னவென்று அக்குறிகள் சொல்லும். எச்.டி.எம்.எல். என்பது இந்தக் குறிகளின் மொழியே. நோட்பேட் போன்ற எளிய எழுதுபலகை ஒன்று இருந்தால் போதும். கோண அடைப்பைத் திறந்து, குறியின் பெயரை எழுதி, அடைப்பை மூடி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, இறுதியில் அதே குறியைச் சாய்கோட்டுடன் முடித்து வைக்கலாம்.

திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளின் துணையுடன் பார்வையற்றவர் இதை எழுதுகிறார். சாதாரணக் கட்டுரையை வாசிக்கும்போது அம்மென்பொருள் நிறுத்தக் குறிகள் பலவற்றை வாய்விட்டுச் சொல்லாது. நிரல் எழுதும்போதோ ஒவ்வொரு அடைப்பையும், மேற்கோள் குறியையும், சாய்கோட்டையும் விடாமல் சொல்லும்படி அமைத்துக் கொள்ள வேண்டும். வரி எவ்வளவு உள்தள்ளி இருக்கிறது என்பதை ஏறி இறங்கும் ஓசையாகக் கேட்கவும் வழி உண்டு. ஓர் அடைப்பு விட்டுப் போனால் பக்கம் குலைந்துவிடலாம். கண்ணுடையவர் ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும் பிழையை, இவர் வரி வரியாகவும், சில வேளை எழுத்து எழுத்தாகவும் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கோவையில் மோட்டார் பழுது பார்க்கும் கைதேர்ந்த தொழிலாளர், இயந்திரத்தைப் பிரிக்கும் முன்பே அதன் ஓசையைக் கேட்டுக் குறை எங்கே என்று சொல்லிவிடுவதுண்டு. அத்தகைய காதுப் பயிற்சி இது. முதல் மாதங்களில் களைப்பு மிகும். பலர் விட்டு விடுவதும் உண்டு. இதை மறைப்பதில் பயனில்லை.

அப்படியானால் ஏன் கைப்பட எழுத வேண்டும்? மவுஸால் இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் கருவிகள் உள்ளனவே என்று கேட்கலாம். அக்கருவிகளில் பெரும்பாலானவை கண்ணையும் கையின் குறிபார்த்தலையும் நம்பி அமைந்தவை. திரையில் எங்கே வைக்கிறோம் என்று தெரியாதவருக்கு அவை மூடிய கதவுகள். எழுத்தால் ஆன நிரலில் அந்த வேற்றுமை பெரிதும் மறைகிறது. அங்கே பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் எழுதுவது ஒரே சொற்களை, ஒரே வரிசையில்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி வைத்தால் கண் அதைத் தலைப்பு என்று எடுத்துக் கொள்ளும். ஆனால் தலைப்பு என்ற குறி அங்கே இல்லையென்றால் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் வரி. குறி இருந்தாலோ, பார்வையற்ற வாசகர் ஒரே ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்லலாம். தமிழ்ப் பக்கம் என்று மொழியைக் குறித்து வைத்தால் அம்மென்பொருள் தமிழ்க் குரலுக்கு மாறும். இடையே ஓர் இறைவசனம் வந்தால், அது அரபு மொழி என்றும் வலமிருந்து இடமாகச் செல்வது என்றும் தனியே குறிக்கலாம். நம் ஆன்றோர் ழாஹிர் என்றும் பாத்தின் என்றும், வெளித்தோற்றம் என்றும் உள்ளுண்மை என்றும் பிரித்துப் பேசுவார்களே, அந்தப் பாகுபாடு இந்தச் சிறிய கைத்தொழிலிலும் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் தலைப்பாகத் தெரிவது வேறு. உள்ளபடியே தலைப்பாக இருப்பது வேறு. பார்வையற்ற எழுத்தாளர் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார். அவருக்கு அதைத் தவிர வேறு தொடக்கம் இல்லை.

வழி வகுத்தவர்கள்

இது வெறும் கற்பனை ஆசையன்று என்பதற்குச் சான்றுகள் உள்ளன. புனே நகரில் வளர்ந்த டி.வி. இராமன் என்பவர் 14 வயதில் கண் பார்வையை இழந்தார். கணிதம் பயின்று, மும்பை ஐ.ஐ.டி.யில் கணிப்பொறியியல் கற்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? கணிதக் கட்டுரைகளைக் காதால் படிப்பது பற்றி. அடுக்குக் குறிகள், பின்னங்கள், அடைப்புகள் நிறைந்த சூத்திரத்தைச் சொல் சொல்லாக வாசித்தால் குழப்பமே மிஞ்சும். அவர் எழுதிய நிரல் சூத்திரத்தின் அமைப்பை அறிந்து, மேலெழுத்து வரும்போது குரலின் சுருதியை உயர்த்திச் சொன்னது. ஆஸ்டர் என்று தம் வழிகாட்டி நாயின் பெயரையே அதற்கு வைத்தார். 1995-இல் அவர் வெளியிட்ட இமாக்ஸ்பீக் என்ற மென்பொருள், நிரலின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு குரல்களில் பேசிக் காட்டியது. பார்வையுள்ள நிரலாளர்கள் வண்ணங்களால் பிரித்துக் காண்பதை அவர் குரல்களால் பிரித்துக் கேட்டார். பின்னர் 2005-இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் ஒரு ஸ்கிரீன் ரீடரைத் தாமே எழுதத் தொடங்கினார். அந்நாளில் விலைக்குக் கிடைத்த அத்தகைய மென்பொருள் பல வேளை கணிப்பொறியை விடவும் விலை கூடியதாக இருந்தது. ஜேம்ஸ் தே என்ற மற்றொரு பார்வையற்ற நண்பர் அவருடன் இணைந்தார். அவர்கள் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்ற அம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் நிரலை எவரும் திறந்து படிக்கலாம். தமிழிலும் அதைப் பயன்படுத்தலாம். உக்கடத்து இளைஞன் காதில் ஒலிப்பது, அவனைப் போன்ற இருவர் தொடங்கி வைத்த கருவியின் குரல்.

நம் வரலாற்றிலும் இத்தகையோர் உண்டு. எகிப்தின் தாஹா ஹுஸைன் சிறு குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவர். அல்அஸ்ஹரில் பயின்று, 1914-இல் முனைவர் பட்டம் பெற்று, 1950-இல் தம் நாட்டின் கல்வி அமைச்சராகி, ஏழைகளுக்கும் இலவசக் கல்வி கிடைக்கப் பாடுபட்டார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அபுல் அலா அல்மஅர்ரீ என்ற பெருங்கவிஞரைப் பற்றியது. அக்கவிஞரும் பார்வையற்றவரே. 1934-இல் எகிப்து வானொலி தொடங்கியபோது முதன் முதலில் திருமறை ஓதி அதைத் திறந்து வைத்த காரீ முஹம்மது ரிஃபஅத் அவர்களும் கண் பார்வை இல்லாதவர்.

நாம் பார்வையற்ற பிள்ளையை ஹாபிழ் ஆக்கலாம் என்று எண்ணுகிறோம். அது மிகச் சிறந்த எண்ணம். ஆனால் அந்த எண்ணம் தோன்றுவதற்குக் காரணம் திருமறையின் மீதுள்ள பற்றா, இவனால் வேறு என்ன முடியும் என்ற கணக்கா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கட்டும். முதலாவதாயின் அது கண்ணுள்ள பிள்ளைக்கும் பொருந்தும். இரண்டாவதாயின் அது திருமறைக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது; பிள்ளைக்குச் செய்யும் நியாயமும் ஆகாது.

இரு நிகழ்ச்சிகள்

இப்போது ஒரு தடையை எதிர்கொள்வோம். பார்வையற்றவர் மீது குற்றமில்லை என்று திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயத்திலும் 48-ஆம் அத்தியாயத்திலும் சலுகை கூறப்பட்டிருக்கிறது. இறைவனே சுமையை இலேசாக்கியிருக்கும்போது, அவர்களைக் கடினமான கல்விக்குத் தூண்டுவது முறையா? பார்வையை இழந்து பொறுமை காத்தவருக்குச் சுவனம் உண்டு என்ற நபிமொழியும் இருக்கிறதே?

இவ்வினாவுக்கு விடை தேடும்போது, பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பார்வையற்ற ஒருவர் வந்து, பள்ளிவாசலுக்குத் தம்மை அழைத்து வர ஆளில்லை என்றும் வீட்டிலேயே தொழ அனுமதி வேண்டும் என்றும் கேட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அவர் இப்னு உம்மி மக்தூம் அவர்களே என்பதை அபூதாவூதின் அறிவிப்பு காட்டுகிறது. அனுமதி கொடுக்கப்பட்டது. அவர் திரும்பி நடந்தபோது மீண்டும் அழைத்த பெருமானார், உமக்குப் பாங்கோசை கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றார். அப்படியானால் அதற்குச் செவிசாய்த்து வாரும் என்றார்கள்.

மற்றொரு நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்ற அன்ஸாரித் தோழர் பத்ருப் போரில் கலந்து கொண்டவர். தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்தி வந்தவர். அவருக்குப் பார்வை மங்கியது. மழை பெய்தால் அவருக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும், கடக்க இயலாது. தாங்கள் வந்து என் இல்லத்தில் ஓரிடத்தில் தொழுதால் அதையே தொழுமிடமாக்கிக் கொள்வேன் என்று பெருமானாரிடம் கேட்டார். அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் அவர் வீடு தேடிச் சென்று, எந்த இடத்தில் தொழ விரும்புகிறீர் என்று அவரிடமே கேட்டு, அங்கே தொழுதார்கள்.

ஒருவர் அழைக்கப்பட்டார், மற்றவருக்கு இசைவு தரப்பட்டது. சட்ட அறிஞர்கள் இவ்விரண்டையும் பல வகையில் இணைத்து விளக்கியிருக்கிறார்கள். சட்டம் சொல்வது நம் வேலையன்று. அறநெறி மாணவனாக நின்று பார்க்கும்போது இரண்டிலும் பொதுவாக ஒன்று தெரிகிறது. இருவரிடமும் கேட்கப்பட்டது. உமக்கு ஓசை எட்டுகிறதா என்று ஒருவரிடம். எந்த இடம் வேண்டும் என்று மற்றவரிடம். இருவரையும் உட்காரச் சொல்லி, அவர்களுக்காக வேறொருவர் முடிவு செய்யவில்லை.

ஆகவே சலுகை என்பது பார்வையற்றவரின் கையிலுள்ள உரிமை. வேண்டுமானால் அவர் எடுத்துக் கொள்வார், வேண்டாமென்றால் விட்டுவிடுவார். அதை அவரைச் சுற்றி வேலியாக நட்டுவிட மற்றவர்களுக்கு அதிகாரம் இல்லை. பொறுமையும் அப்படியே. ஸப்ர் என்பது கையைக் கட்டிக் கொண்டிருப்பதாயின், அடைப்பு விட்டுப்போன ஒரு வரியைத் தேடி மணிக்கணக்கில் கேட்டுக் கொண்டிருக்கிறானே, அதற்கு என்ன பெயர்?

வெள்ளம் யார் விட்டது?

இத்பான் அவர்களின் வழியை மறித்தது மழை வெள்ளம். அது இறைவனின் ஏற்பாடு. உக்கடத்து இளைஞனின் வழியை மறிக்கும் வெள்ளமோ மனிதர்கள் விட்டது. இங்கேதான் இரக்கம் பற்றிய பேச்சு நின்று, கடமை பற்றிய பேச்சு தொடங்குகிறது.

பெயரிடப்படாத பொத்தான், விளக்கம் எழுதப்படாத படம், எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று சொல்லாத படிவம் இவையெல்லாம் பார்வையற்றவருக்கு வழியிலுள்ள பள்ளங்கள். இவற்றைத் தவிர்க்கும் நெறிமுறைகள் 1999-ஆம் ஆண்டிலேயே உலக அளவில் வெளியிடப்பட்டன. இருந்தும், 2024-இல் அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு பத்து இலட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதித்தபோது, 100-க்கு ஏறத்தாழ 96 பக்கங்களில் குறை காணப்பட்டது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. வங்கிக் கணக்குக்கும் தொலைபேசி இணைப்புக்கும் ஆள் அடையாளம் காட்டும்போது, உயிருள்ளவர் என்று மெய்ப்பிக்கக் கண்ணை இமைத்துக் காட்டச் சொல்லும் முறைகள் இருந்தன. கண்ணே இல்லாதவர் எதை இமைப்பார்? அமிலத் தாக்குதலில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை எல்லாரும் அணுக வகை செய்வது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்பது அத்தீர்ப்பு.

சட்டத்தை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வருவோம். மஹல்லாவில் ஒரு மௌத்து நிகழ்கிறது. ஜனாஸா எப்போது, எந்தப் பள்ளியில் தொழுகை, எங்கே அடக்கம் என்ற செய்தியை அழகிய படமாக வடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். நிக்காஹ் அழைப்பும் படம். ரமளான் கால அட்டவணையும் படம். மதரஸா அறிவிப்பும் படம். எழுத்தாக இல்லாமல் படமாக வந்ததை ஸ்கிரீன் ரீடர் படம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ்ப் பக்கமாயின், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கூச்சலாகவே அது காதில் விழும். பார்வையற்ற சகோதரர் பக்கத்து வீட்டாரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும் என்று நாம் எண்ணவில்லை; எண்ணிப் பார்க்கவே இல்லை. பார்வையற்றவரை வழி தவறச் செய்பவனைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழியை இமாம் புகாரி அவர்கள் தம் அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்திருக்கிறார்கள். வேண்டுமென்றே வழி தவறச் செய்வது ஒரு பாவம். வழி இருப்பதையே மறந்துவிடுவது அதன் இளைய சகோதரன் அல்லவா?

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஸதகா என்று கற்றவர்கள் நாம். படத்துடன் அதே செய்தியை நான்கு வரி எழுத்தாகவும் சேர்த்து அனுப்புவது அத்தகைய ஸதகாவே. அதற்குப் பணமும் வேண்டாம், புலமையும் வேண்டாம்.

இயந்திரம் எழுதட்டுமே?

இன்று வாயால் சொன்னால் போதும், செயற்கை நுண்ணறிவே பக்கத்தை எழுதித் தந்துவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டுக் குறிகளைக் கற்பானேன் என்று கேட்போர் உண்டு. கேள்வி சரியானது. அந்த இயந்திரங்களால் பார்வையற்றோர் அடையும் நன்மையும் பெரிது. ஆனால் இயந்திரம் பிழை செய்தால்? பார்வையுள்ளவர் திரையை நோக்கி, ஏதோ கோணலாக இருக்கிறது என்றாவது சொல்வார். பார்வையற்றவருக்கு நிரலின் எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டால், இயந்திரம் தந்ததை அப்படியே நம்புவதன்றி வழியில்லை. அப்போது அத்தாவும் மாமாவும் சொன்ன அதே சொல்லை இயந்திரமும் சொல்லத் தொடங்கிவிடும். எல்லாரும் நிரல் கற்க வேண்டும் என்பது நம் வாதமன்று. கற்க விரும்புகிறவன் தடுக்கப்படக் கூடாது. அவன் ஆசை கேலிக்கோ பரிதாபத்துக்கோ ஆளாகக் கூடாது.

தேடி வந்தவரைப் பற்றி இறைவன் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறான் என்பதற்கு அபஸ அத்தியாயம் சான்று. குறைஷித் தலைவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்த வேளையில் இப்னு உம்மி மக்தூம் அவர்கள் அறிவு நாடி வந்தார்கள். அந்த நேரத்தில் முகம் திரும்பியதைச் சுட்டிக்காட்டித் திருமறையின் 80-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. பார்வையற்றவரால் முகம் சுளித்ததைக் கண்டிருக்கவே முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் காணாததை அவருக்காக இறைவன் கண்டான்; உலகம் உள்ளவரை ஓதப்படும் வசனமாகவும் ஆக்கினான். பின்னாளில் போர்களுக்குப் புறப்படும்போது மதீனாவில் தம் பொறுப்பாளராக அவரை விட்டுச் செல்லும் அளவுக்குப் பெருமானார் அவரைக் கண்ணியப்படுத்தினார்கள்.

காணாத அழகு

இறுதியாக, வீட்டார் கேட்ட கேள்வி எஞ்சி நிற்கிறது. தான் காணப் போகாத ஒன்றை ஒருவன் அழகாகச் செய்ய முடியுமா? செய்தால் அது யாருக்காக?

பக்கத்தின் எலும்புக்கூட்டை அவன் தானே எழுதிவிடுவான். வண்ணமும் இடைவெளியும் என்று வரும்போது, அவற்றுக்கான எண்களையும் பெயர்களையும் அவனால் எழுத முடியும். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள வேற்றுமை போதுமா என்று கணக்கிட்டும் பார்க்க முடியும். பார்ப்பவர் உள்ளத்தில் அது எப்படிப் படுகிறது என்பதை மட்டும் இன்னொருவர் சொல்ல வேண்டும். "அக்கா, இந்தப் பச்சை கண்ணை உறுத்துதா?" என்று அவன் கேட்பான். கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது என்று அவள் சொல்வாள். அவன் எண்ணை மாற்றி எழுதுவான்.

இஹ்ஸான் என்றால் என்ன என்று ஜிப்ரீல் (அலை) அவர்கள் கேட்டபோது பெருமானார் தந்த விளக்கம் நம் அனைவருக்கும் தெரிந்ததே. இறைவனைக் காண்பது போல் வணங்குவது; நாம் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வோடு வணங்குவது. காணாமலே செம்மையாகச் செய்வதுதான் அதன் உயிர். அவ்வகையில் பார்க்கப் போனால் நாம் எல்லாரும் பார்வையற்றவர்களே. செய்யும் நற்செயலின் முழு உருவத்தை நம்மில் எவர் கண்டிருக்கிறோம்? திருந்தச் செய்து ஒப்படைத்துவிட்டு, காண்பவனிடம் விட்டுவிடுகிறோம். உக்கடத்து இளைஞன் தன் விசைப்பலகையில் நாள்தோறும் பழகுவது இந்தப் பாடத்தைத்தான்.

அவன் தம்பி தங்கையரே, அத்தா அம்மாவே, ஜமாஅத் பெரியோரே! அவனுக்குக் கணிப்பொறி வாங்கித் தருவது நன்று. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கென ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் உயர்கல்விப் புலம் போன்ற இடங்களுக்கு அழைத்துச் சென்று விசாரிப்பது அதனினும் நன்று. பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ கடைக்கோ ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றால், அந்த வேலையை அவனிடம் கொடுத்து, உரிய கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். பெருநாளன்று அவன் கையில் வைக்கும் பணத்துக்கும், உழைப்புக்குக் கொடுக்கும் கூலிக்கும் உள்ள தூரத்தை அவன் நன்கு அறிவான். வேலையில் பிழை இருந்தால் பிழை என்று சொல்லுங்கள். அதையும் ஒரு மரியாதையாகவே அவன் எடுத்துக் கொள்வான்.

மதீனத்து மக்கள் இப்னு உம்மி மக்தூம் அவர்களுக்குச் செய்தது அவ்வளவுதான். விடிந்துவிட்டது என்று வந்து சொன்னார்கள். பின்பு மௌனமாக நின்று அவருடைய பாங்கைக் கேட்டார்கள். அதன்படி நோன்பு நோற்றார்கள். நாமும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவர்கள் குரலுக்குக் காத்திருக்கும் பக்குவத்தை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.